பியர் பிளாக்: கை ஏன் நீலம் பாரிக்கிறது?

கேள்வி: மணிக்கட்டு அறுவைக்குப் பியர் பிளாக் (ரத்த ஓட்டத்தைக் கட்டி நிறுத்தி, சிரை வழியே மருந்து செலுத்திக் கையை மட்டும் மரக்கச் செய்வது) கொடுக்கும்போது சிலருக்குக் கை நீலம் பாரித்து விம்முகிறது, மருந்து ஏறிய பிறகும் வலி தெரிகிறது. கையைத் தயார் செய்வதில் எங்கே தவறுகிறோம்? (தியேட்டர் செவிலியர்)

பதில்: கை விம்மினால் பெரும்பாலும் குற்றம் மருந்தில் இல்லை, மேற்கையில் கட்டி ஊதும் காற்றுப்பட்டையான கஃப்பில். அதன் அழுத்தம் சிரைகளை அடைத்துவிட்டுத் தமனியை விட்டுவைத்திருக்கிறது. உள்ளே வரும் ரத்தத்துக்கு வெளியேற வழியில்லை, மருந்தும் நீர்த்துப்போகிறது.

மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டுப் புறங்கையில் 22 கேஜ் கானுலா (சிரைக்குள் மருந்து செலுத்தும் மெல்லிய குழாய்) போடுங்கள். முழங்கை மடிப்பு வேண்டாம். மறு கையிலும் ஒன்று கட்டாயம். மருந்து கசிந்து வலிப்பு வந்தால் அந்த வழிதான் கைகொடுக்கும்.

மேற்கையில் பஞ்சைச் சுருக்கம் விழாமல் சுற்றி, அதன்மேல் மேலும் கீழுமாக இரட்டைக் கஃப். கட்டுவதற்கு முன்பே இரண்டையும் ஊதிக் கசிவு பாருங்கள். தோலைத் துடைக்கும் ஸ்பிரிட் பஞ்சுக்குள் ஊறினால் அந்த இடம் வெந்துபோகும்.

அவசரத்தில் அரைகுறையாக முடிவது ரத்தத்தை வடிக்கும் வேலைதான். கையை 2-3 நிமிடம் உயர்த்திப் பிடித்து, ரப்பர் பட்டையான எஸ்மார்க் பேண்டேஜை விரல் நுனியிலிருந்து கஃப் வரை இறுக்கிச் சுற்ற வேண்டும். எலும்பு முறிந்த கை அதைத் தாங்காது. உயர்த்திப் பிடித்து அக்குளில் தமனியை அழுத்தினால் போதும். மேல் கஃப்பை சிஸ்டாலிக் பிபியைவிட (ரத்த அழுத்தத்தின் மேல் எண்) 100 மி.மீ. கூடுதலாக ஊதி, பேண்டேஜை அவிழ்த்து, நாடி பாருங்கள். லேசாகத் தட்டினாலும் மருந்து ஏறக் கூடாது.

மரப்பு மருந்து அட்ரினலின் கலக்காத 0.5% லிக்னோகெய்ன், கிலோவுக்கு 3 மி.கி. 50 கிலோ நோயாளிக்கு 150 மி.கி., அதாவது 30 மி.லி. வேகமாகத் தள்ளினால் சிரையின் அழுத்தம் கஃப்பை மீறி மருந்து நழுவிவிடும். புபிவகெய்ன் என்ற மரப்பு மருந்து இதற்குக் கூடவே கூடாது, இதயத்தையே நிறுத்திவிடும். மருந்து ஏறும்போது தோல் திட்டுத்திட்டாக வெளுக்கும். அது சரியான அறிகுறி, பதற வேண்டாம்.

அரை மணி கழித்துக் கஃப் வலிக்கிறது என்பார்கள். கீழ்க் கஃப்பை ஊதி, விறைத்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகே மேல் கஃப்பை இறக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் மருந்து மொத்தமும் ஒரே மூச்சில் உடம்புக்குள் பாயும். அறுவை 5 நிமிடத்தில் முடிந்தாலும் மருந்து போட்டு 20 நிமிடம் ஆகாமல் காற்றைத் திறக்காதீர்கள். திறந்ததும் காது இரைகிறதா, உதடு மரக்கிறதா, நாக்கில் உலோகச் சுவை தெரிகிறதா என்று நோயாளியிடம் கேட்டுக்கொண்டே இருங்கள்.