பதில்: உபுண்டு 20.04-இல் மட்டும் எஸ்க்யூலைட் பிழை

வணக்கம். உங்கள் கணினியில் சரியாக ஓடும், எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் லைப்ரரியைப் பயன்படுத்தும் சி செயலி, வாடிக்கையாளரின் உபுண்டு 20.04-இல் (லினக்ஸ்) மட்டும் வினவலில் உள்ள 'ரிட்டர்னிங்' (மாற்றிய வரிசைகளைத் திருப்பித் தரும் பகுதி) அருகே தொடரியல் பிழை தருகிறது என்கிறீர்கள். வினவலில் தவறில்லை. நீங்கள் கம்பைல் செய்தபோது பயன்படுத்திய எஸ்க்யூலைட் ஹெடர் (லைப்ரரியின் அறிவிப்புகள் உள்ள கோப்பு) 3.45, ஓடும்போது ஏறுவது அங்கே ஏற்கெனவே இருக்கும் லைப்ரரியின் 3.31.1 பதிப்பு. ரிட்டர்னிங் வந்ததே 3.35-இல்தான், 2021 மார்ச்சில்.

ஹெடரில் உள்ள எண்ணை அச்சிட்டு ஏமாறாதீர்கள், அது கம்பைல் நேரத்து எண். செயலிக்குள்ளிருந்தே பதிப்பைக் கேட்கும் செலக்ட் வினவலை ஓட்டுங்கள். எந்த லைப்ரரி கோப்பு ஏறுகிறது என்பதை எல்டிடி என்ற லினக்ஸ் கட்டளை காட்டும்.

எஸ்க்யூலைட் தளத்தில் கிடைக்கும் ஒற்றை சி கோப்பையும் அதோடு வரும் ஹெடரையும் திட்டத்துக்குள்ளேயே வைத்துச் சேர்த்து கம்பைல் செய்வதுதான் சரியான வழி. ஹெடர் எண்ணும் லைப்ரரி எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் செயலி தொடக்கத்திலேயே நின்றுவிடட்டும்.

இதைக் கட்டாயம் கவனியுங்கள்: ஏதாவது ப்ளகின் பழைய எஸ்க்யூலைட்டையும் அதே ப்ராசஸில் ஏற்றினால், இரண்டு பிரதிகளும் ஒரே டேட்டாபேஸைத் திறக்கக் கூடாது. லினக்ஸில் ஒரு பிரதி கோப்பை மூடும்போது, வேறு யாரும் குறுக்கே எழுதாமல் இருக்க மற்ற பிரதி போட்ட பூட்டும் சேர்ந்தே விடுபடும். பிழைச் செய்தி எதுவும் வராமலே தரவு சிதைந்துவிடலாம். லைப்ரரியின் சின்னங்களை (அதன் ஃபங்ஷன் பெயர்களை) வெளியே தெரியாமல் மறைத்து கம்பைல் செய்தால் பெயர் மோதல்தான் நீங்கும், இந்தப் பூட்டுச் சிக்கல் நீங்காது.