பூனை கடிப்பதற்கு முன் சொல்வது என்ன?

கேள்வி: அம்மாப்பேட்டையில் விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய வீட்டுக்கு அண்மையில் குடிவந்தோம். எங்கள் பெண் பூனை பகலெல்லாம் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. மாலையில் தானே மடியில் வந்து படுத்துக் குர்குர் என்கிறது. தடவிக்கொடுத்தால் வாலை ஆட்டுகிறது, பிறகு திடீரென்று கடித்துவிடுகிறது. அதற்கு வெறி பிடித்துவிட்டது என்கிறார் என் மாமியார். என்ன செய்வது?
– வாசகி, சேலம்

பதில்: உங்கள் மாமியாரின் அச்சத்தை ஒதுக்கிவிட வேண்டாம். பூனை கடித்தாலும் வெறிநோய் பரவக்கூடும் என்பதால், பல் பட்ட இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். பூனைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எனினும், நீங்கள் விவரித்துள்ள நடத்தை, புது வீட்டு மிரட்சியும், 'போதும்' என்று அது காட்டியதை எவரும் கவனிக்காததால் எழுந்த எரிச்சலுமாகவே எனக்குத் தோன்றுகிறது.

நாயின் வாலைப் பார்த்துப் பழகிய கண்ணால் பூனையின் வாலையும் பார்ப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் பிழை. வாலை நேராக நிமிர்த்திக்கொண்டு பூனை உங்களை நோக்கி வந்தால் அது நட்பு. படுத்தபடியே வாலை இப்புறமும் அப்புறமும் அடித்தால் அது எரிச்சல். அந்த நேரத்தில் முதுகுத் தோல் சிலிர்த்துத் துடிப்பதையும், காதுகள் பக்கவாட்டில் திரும்பிப் படிவதையும், கண்மணி அகல விரிவதையும் காணலாம். அப்போதே கையை எடுத்துவிட்டால் அநேகமாகக் கடிக்கு இடமிராது. ஆனால் ஒற்றை அடையாளத்தைக் கொண்டு முடிவுகட்டாதீர்கள்: இருட்டிலும் கண்மணி விரியும், வலியிலும் பூனை குர்குர் என்னும், மல்லாந்து படுப்பது நம்பிக்கையைக் காட்டுமேயன்றி வயிற்றைத் தடவச் சொல்லும் அழைப்பு அன்று. கன்னம், தாடை, காதடி ஆகிய இடங்களில் சில நொடிகள் மட்டும் தடவி நிறுத்துங்கள். மேலும் வேண்டுமென்றால் அதுவே தலையை முட்டிக் கேட்கும்.

தறிச் சத்தம் சிறிய காரணம் அன்று. நம் செவிக்கு ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு என்னும் அளவு; எண் கூடக் கூட ஒலி கீச்சென்றாகும்) வரைதான் எட்டும். பூனைக்கு 60,000-க்கும் மேல் கேட்கும். ஆகவே தறிச்சுவருக்கு எதிர்ப்புற அறையில் ஓர் அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, பழைய புடவை ஒன்றை விரித்து வையுங்கள். பீரோவின் மேலும் இடம் ஒதுக்கினால் இன்னும் நல்லது. நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளிடம் நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்தவை, கிடைக்காதவற்றைவிட விரைவாக அமைதியடைந்தன என்று அது காட்டியது. கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து வெளியே எடுப்பதை அறவே விட்டுவிடுங்கள். தொலைவில் அமர்ந்து, பார்வை சந்திக்கும்போது கண்ணை மெதுவாக மூடித் திறந்தால் பூனையும் அவ்வாறே பதில் தருவதை 2020-இல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுங்கள். தூக்கிக் கொஞ்சுவதைவிட இதில் அவர்களுக்கும் ஆர்வம் பிறக்கும்.

ஒரு நாள் முழுதும் உண்ணாவிட்டாலோ, மணல் தட்டில் முக்கியும் சிறுநீர் வராவிட்டாலோ, மிரட்சி என்று காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி: ஏற்காட்டுக்கு மாற்றலாகிறேன். கொண்டை ஊசி வளைவுகளில் என் பூனை தாங்குமா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: வளைவுகள் 20 என்றாலும், பூனையின் கலக்கம் பெரும்பாலும் கூண்டைப் பார்த்த நொடியிலேயே தொடங்கிவிடுகிறது. அதை இன்றே கூடத்தில் திறந்து வைத்து, உணவையும் அதற்குள்ளேயே வையுங்கள். பயணத்துக்குச் சில மணி நேரம் முன்பு உணவை நிறுத்துங்கள். கூண்டின் மேல் துணி போர்த்தி, உருளாதபடி இருக்கையில் கட்டிவிடுங்கள். எச்சில் ஒழுகுவது குமட்டலின் அடையாளம். வாயைத் திறந்து மூச்சிரைத்தால் வண்டியை நிறுத்திக் காற்றோட்டம் கொடுங்கள். அடங்காவிட்டால் மலையேறாமல் மருத்துவரிடம் திரும்புங்கள். போய்ச் சேர்ந்ததும் முதலில் ஓர் அறையை மட்டும் காட்டுங்கள். தோட்டத்தில் விடச் சில வாரங்கள் ஆகட்டும்.