கொலஸ்ட்ரால் மாத்திரை மலிவான பிறகும் அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்குச் சிகிச்சை ஏன் குறைவு?

கேட்டவர் கூடவே இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: "டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் அவர்களே சாப்பிடுவதில்லை என்கிறார்களே, உண்மையா?" நான் அமெரிக்காவில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். இந்தப் பேச்சு எங்கள் கவுன்ட்டருக்குப் பின்னாலும் காதில் விழுவதுதான். பாதி உண்மை. அந்தப் பாதியைக் காட்டியே மீதியை மறைத்துவிடுகிறார்கள்.

விலை பற்றிச் சொன்னது சரி. ஸ்டாட்டின் எனப்படும் கொலஸ்ட்ரால் குறைக்கும் மருந்துகளில் அடோர்வாஸ்டாட்டினுக்கு 2011 கடைசியிலும் ரோசுவாஸ்டாட்டினுக்கு 2016-லும் ஜெனரிக் வந்துவிட்டது. இருந்தும், 2018-இல் வெளிவந்த பால்ம் என்ற அமெரிக்க ஆய்வைப் பாருங்கள். ஸ்டாட்டின் தேவைப்படுகிற நோயாளிகளில் வெள்ளையர் 74.8 சதவீதம் பேர் மாத்திரையில் இருந்தார்கள், கறுப்பினத்தவர் 70.6 சதவீதம். இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் இதய மருத்துவர் அமைப்புகளின் வழிகாட்டி நெறி சொல்கிற வீரியத்தில் மருந்து கிடைத்தவர்களை எண்ணினால் வெள்ளையர் 43.9 சதவீதம், கறுப்பினத்தவர் 33.3. இடைவெளி இங்கேதான் அகலமாகிறது. மாத்திரையை விழுங்காமல் விடுவது நோயாளியின் கையில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். சீட்டில் 40 மில்லிகிராம் எழுத வேண்டிய இடத்தில் 10 என்று எழுதுவது யார் கை?

சரி, அந்தப் "பாதி உண்மை"க்கு வருவோம். அதே ஆய்வில், ஸ்டாட்டின் பாதுகாப்பானது என்று நம்பியவர்கள் வெள்ளையரில் 57.3 சதவீதம், கறுப்பினத்தவரில் 36.2 சதவீதம்தான். நான் தினமும் பார்ப்பதும் இதுதான். மருந்தைக் கட்டி, பெயர் ஒட்டி, வாங்க வருகிறவருக்காகக் கூடையில் வைத்திருப்போம். இரண்டு வாரம் போல ஆகியும் ஆள் வராவிட்டால் இன்சூரன்ஸ் பில்லை ரத்து செய்து, புட்டியை மறுபடி அலமாரியில் ஏற்றிவிடுவோம். அப்படித் திரும்பிப் போகிற புட்டிகளில் ஸ்டாட்டின் நிறைய. போன் செய்து கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே, எதற்கு இது?" டாக்டர் ஏழெட்டு நிமிடத்தில் பார்த்து அனுப்பிவிட்டார், எதற்கு என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. வயதான கறுப்பின நோயாளிகளிடம் இதற்குக் கீழே இன்னொரு அடுக்கு உண்டு. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் வந்த கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் அரசாங்கத்தின் பொதுச் சுகாதாரத் துறையே வேடிக்கை பார்த்தது. 1972-இல் அது அம்பலமானபோது செய்தி படித்தவர்கள் இன்றும் என் கவுன்ட்டருக்கு வருகிறார்கள். அவர்கள் தயங்குவதை அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன்.

பலரும் கவனிக்காத ஒன்று: தசை பாதிப்பைக் காட்டும் சிகே என்ற ரத்த அளவு கறுப்பினத்தவருக்கு இயல்பிலேயே சற்று அதிகம். மருந்து தொடங்கும் முன்பே எடுத்து வைக்காவிட்டால், பின்னால் அந்த எண்ணைப் பார்த்து, ஸ்டாட்டின் தசையைக் கெடுக்கிறது என்று நிறுத்திவிட வாய்ப்புண்டு.

ஹிஸ்பானிக் மக்களின், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின், கதை வேறு. இதய நோய் வருமுன் தடுக்க ஸ்டாட்டின் எடுப்பவர்கள் இவர்களில்தான் ஆகக் குறைவு. இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் அதிகம், நிரந்தரமான டாக்டர் கிடையாது. ரத்தப் பரிசோதனையே நடக்காத இடத்தில் மருந்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

இனி நம்ம ஆட்கள். அடுத்த பத்தாண்டில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் ஆபத்தைக் கணிக்க டாக்டர்கள் பயன்படுத்தும், 2013-இல் வந்த கணக்கியில் வெள்ளையர், ஆப்பிரிக்க அமெரிக்கர், மற்றவர் என்று மூன்றே பெட்டி. "மற்றவர்" என்று அழுத்தினால் வெள்ளையருக்கான எண்தான் வரும். தெற்காசியருக்கு அது ஆபத்தைக் குறைத்துக் காட்டக்கூடும் என்பதால், 2018 வழிகாட்டி நெறியில் தெற்காசிய வம்சாவளியையே ஆபத்தைக் கூட்டும் காரணியாகச் சேர்த்தார்கள். நெறியில் ஏறிவிட்டது, கணக்கியின் பெட்டியில் ஏறவில்லை. அவசரத்தில் இருக்கும் டாக்டர் எதைப் பார்ப்பார்?

ரோசுவாஸ்டாட்டினில் கதை தலைகீழ். ஆசிய வம்சாவளியினரின் ரத்தத்தில் இந்த மருந்தின் அளவு ஏறத்தாழ இரண்டு மடங்கு ஏறுகிறது, ஆகவே 5 மில்லிகிராமில் தொடங்குங்கள் என்று மருந்தின் லேபிளே சொல்கிறது. நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் தொடங்கச் சொன்ன டோஸ் பல பேருக்கு முடிவான டோஸாகவே நின்றுவிடுகிறது. எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் இன்னும் இறங்க வேண்டியிருந்தும், அதே 5 மில்லிகிராம் ரீஃபில் மேல் ரீஃபிலாக வந்துகொண்டிருக்கும்.

2023-இல் வந்த பிரிவென்ட் கணக்கியில் இனம் என்ற பெட்டியையே எடுத்துவிட்டு, சிறுநீரகச் செயல்பாட்டைச் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு இது பிடித்த மாற்றம்தான், ஒரு பயத்தோடு. பலருக்கும் இதில் பழையதைவிடக் குறைந்த எண் வருகிறது. மருந்து தொடங்கும் வரம்பையும் கூடவே இறக்காவிட்டால், இதுவரை கவனக்குறைவால் விடுபட்டவர்களில் சிலர் இனிமேல் கணக்குப்படியே விடுபடுவார்கள்.

உங்களுக்கு இங்கே உறவினர் இருந்தால் டாக்டரிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். லிப்போபுரோட்டீன் (ஏ) ஒருமுறையாவது பார்த்தாயிற்றா? ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் ஒரு வகைத் துகள் அது, பெரும்பாலும் பரம்பரையாக வருவது, கறுப்பினத்தவருக்கும் தெற்காசியருக்கும் வெள்ளையரைவிட அதிகமாகக் காணப்படுகிறது, வழக்கமான கொலஸ்ட்ரால் பரிசோதனையில் தெரியாது. அப்புறம், மாத்திரை தொடங்கி மூன்று மாதத்துக்குள் எல்டிஎல் எத்தனை சதவீதம் இறங்கியது என்று கேட்கட்டும். வீரியமான டோஸ் என்றால் பாதியாவது இறங்கியிருக்க வேண்டும்.