90 டிகிரியில் செத்துப்போகும் நொதி: டோஸை இரட்டிப்பாக்கலாமா?

கேள்வி: ஸ்டார்ச் கரைசலை 90 டிகிரியில் இளக்கி குளுக்கோஸ் பாகு தயாரிக்கும் சிறிய ஆலை எங்களுடையது. ‘வெப்பம் விரும்பும் பாக்டீரியாவின் ஆல்பா அமைலேஸ், 95 டிகிரி தாங்கும்’ என்று சொல்லி விற்ற, ஸ்டார்ச்சை வெட்டும் நொதியை வாங்கினோம். முதல் இருபது நிமிடம் வேகமாக இளகுகிறது, அப்புறம் அப்படியே நின்றுவிடுகிறது. புதிதாக சாஃப்டனர் போட்டு மென்னீர்தான் பயன்படுத்துகிறோம். பிஎச் கொஞ்சம் ஏறுவதால் சிட்ரிக் அமிலம் விட்டு 6-க்குக் கொண்டுவருகிறோம். டோஸை இரட்டிப்பாக்கச் சொல்கிறார் ஏஜென்ட். செய்யலாமா?

பதில்: வேண்டாம். கணக்கைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

சூட்டில் நொதி ஒரேயடியாகச் சாவதில்லை. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை பாதி பாதியாகக் குறையும். அந்த நேரத்தை அரை ஆயுள் என்போம். உங்கள் டேங்கில் அது 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 பங்கு நொதி போட்டால் 20 நிமிடத்தில் 50, 40 நிமிடத்தில் 25, ஒரு மணி நேரத்தில் 12 பங்குதான் மிஞ்சும். இப்போது 200 பங்கு போடுங்கள். 20 நிமிடம் கழித்து 100 இருக்கும். அதாவது, முன்பு தொடங்கிய அதே இடத்துக்கு 20 நிமிடம் தாமதமாக வந்து சேருகிறீர்கள், அவ்வளவுதான். இரண்டு மடங்கு காசுக்கு ஒரே ஒரு அரை ஆயுள் கிடைக்கிறது. ஏஜென்டுக்கு இரண்டு டிரம் விற்பனை.

‘95 டிகிரி தாங்கும்’ என்பதற்கு வருவோம். எந்தச் சூட்டில் வேகமாக வேலை செய்யும் என்பது ஒரு கேள்வி. எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்பது வேறு கேள்வி. விற்பனைத் தாளில் மலை மாதிரி ஏறி இறங்கும் ஒரு வரைபடம் போட்டிருப்பார்களே, அது முதல் கேள்விக்கான பதில் மட்டும்தான். அந்தச் சோதனை பெரும்பாலும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். சாகப்போகிற நொதிகூட பத்து நிமிடம் பிரமாதமாக ஓடும். உங்கள் டேங்கோ ஒன்றரை மணி நேரம் ஓட வேண்டியது.

இரண்டும் வேறு வேறு என்பதற்கு, டிஎன்ஏவைப் படியெடுக்கும் டேக் பாலிமரேஸ் நல்ல உதாரணம். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃபிரீஸும் கண்டெடுத்து 1969-இல் விவரித்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவின் நொதி அது. பிசிஆர் சோதனைக்கு உயிர்நாடி. அது நன்றாக வேலை செய்வது 75 முதல் 80 டிகிரியில். 95 டிகிரியில் அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 40 நிமிடம். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துச் சொன்னால்தான் ஒரு நொதியைப் பற்றி ஏதாவது சொன்னதாக அர்த்தம். ஆராய்ச்சிக் கட்டுரைகளிலேயே பலர் முதல் எண்ணோடு கடையைக் கட்டிவிடுகிறார்கள். நொதியைச் சுத்தப்படுத்தினோம், உகந்த வெப்பநிலை 80, நன்றி வணக்கம். தொழிற்சாலைக்காரன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

‘வெப்பம் விரும்பும் பாக்டீரியா’ என்ற விளம்பர வாசகத்திலும் மயங்க வேண்டாம். ஸ்டார்ச் ஆலைகளில் பல்லாண்டுகளாக ஓடும் அமைலேஸ் பாசில்லஸ் லைக்கனிஃபார்மிஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து வந்தது. அந்தப் பாக்டீரியா 90 டிகிரியில் வளராது, ஆனால் அதன் அமைலேஸ் அங்கே வேலை செய்கிறது. மறுபக்கம், வெந்நீர் ஊற்றில் வாழும் செல்லுக்குள் சில உப்புகளும் கரைபொருட்களும் புரதங்களுக்குக் காவல் நிற்கும். நொதியை வெளியே எடுத்தால் அந்தக் காவல் கூட வராது. ஆகவே ஊரை வைத்து ஆளை எடைபோடாதீர்கள். உயிரியின் முழுப்பெயரை எழுத்தில் கேளுங்கள். ‘பாக்டீரியல் அமைலேஸ்’ என்ற ஒரே பெயரில் பாசில்லஸ் அமைலோலிக்விஃபேசியன்ஸ் நொதியும் விற்கிறது. அது 70 டிகிரியை ஒட்டிய வேலைக்கு நல்ல சரக்கு, 90-இல் நிற்காது. நிறத்தையும் வாசனையையும் வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. டிரம்மைத் திறந்து மறுபடி அடைக்கும் இடைத்தரகர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

‘யூனிட்’ அதைவிடப் பெரிய கூத்து. நொதியின் வேலைத்திறனுக்கு கட்டல் என்று உலகப் பொது அலகு ஒன்றை 1999-இலேயே ஏற்றுக்கொண்டாகிவிட்டது. சந்தையில் யார் மதிக்கிறார்கள்? ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் சொந்த யூனிட், சொந்த வெப்பநிலை, சொந்த மாவு. ஒருவர் 40 டிகிரியில் அளப்பார், இன்னொருவர் 60-இல். ஒருவரின் 20,000 மற்றவரின் 5,000-ஐவிடப் பெரிதா சிறிதா என்று கடவுளுக்கே வெளிச்சம். ஒரு முறை எனக்கு வந்த இரண்டு சான்றிதழ்களில் ஒரே டிரம்மின் எண், யூனிட் மட்டும் மூன்று மடங்கு வித்தியாசம். கேட்டதற்கு ‘முறை மாறியிருக்கும் சார்’ என்றார்கள். அளந்த முறை எழுதாத யூனிட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

சரி, உங்கள் டேங்குக்கு வருவோம். எனக்குச் சந்தேகம் நொதி மேல் அல்ல, உங்கள் சாஃப்டனர் மேல். இந்த வகை அமைலேஸின் உடலுக்குள் கால்சியம் அயனிகள் உட்கார்ந்திருக்கும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்களே, இங்கே கால்சியம்தான் அச்சாணி. அது கழன்றால் சூட்டில் மடிப்புகள் அவிழ்ந்துவிடும். ஒருமுறை அவிழ்ந்த பிறகு கால்சியம் ஊற்றினாலும் பழைய வடிவம் திரும்பாது. சாஃப்டனர் செய்வதோ தண்ணீரில் உள்ள கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை வைப்பது. கொதிகலனுக்கு அது நல்லது, நொதிக்குப் பட்டினி. போதாக்குறைக்கு சிட்ரிக் அமிலம். மிஞ்சிய கால்சியத்தையும் சிட்ரேட் கவ்விக்கொள்ளும். பிஎச் மீட்டர் 6 என்று காட்டும், எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தெரியும்.

செய்ய வேண்டியது சிறியது. சிட்ரிக் அமிலத்தை நிறுத்திவிட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு மாறுங்கள். நொதி போடுவதற்கு முன்பே கால்சியம் குளோரைடு சேருங்கள். லிட்டருக்கு 50 மில்லிகிராம் கால்சியம் வழக்கமான இலக்கு. டைஹைட்ரேட் வகை என்றால் 1,000 லிட்டருக்குச் சுமார் 185 கிராம். சாஃப்டனருக்குள் போகாத சாதாரணக் கடின நீரையே விட்டாலும் பல இடங்களில் போதும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கால்சியம் நல்லது என்று கேட்டதும் அள்ளிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் குளுக்கோஸோடு நிறுத்துகிறீர்கள். நாளைக்கு அதை ஃபிரக்டோஸ் பாகாக மாற்ற ஆசைப்பட்டால் அடுத்த கட்டத்தில் குளுக்கோஸ் ஐசோமரேஸ் வரும். அதற்கு வேண்டியது மெக்னீசியம். கால்சியம் அதை முடக்கிவிடும். முதல் டேங்கில் காப்பாற்றிய அதே கால்சியம் மூன்றாவது கட்டத்தில் எதிரி. அதனால்தான் ஆலைகளில் நடுவே அயனி மாற்றுப் பிசினில் பாகைச் சுத்தம் செய்கிறார்கள். கால்சியம் குறைவாகக் கேட்கும்படி மாற்றியமைத்த அமைலேஸ்களும் வந்திருக்கின்றன. அப்படி ஒன்றை வாங்குவதானால் மேலே சொன்ன அளவைப் போடாமல் தயாரிப்பாளர் தாளைப் பாருங்கள். ‘எல்லா அமைலேஸுக்கும் ஒரே கால்சியம்’ என்று சொல்பவர் எதையும் படித்தவர் அல்ல.

என் பேச்சையும் நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். 1 சதவீத ஸ்டார்ச் கரைசல் 100 மில்லி எடுத்து 60 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வையுங்கள். நொதி நன்றாகக் கலந்ததும் உங்கள் டேங்கிலிருந்து ஒரு சாம்பிள், பிறகு 10, 20, 40, 60 நிமிடங்களில் ஒவ்வொன்று. எடுத்த கையோடு பனிக்கட்டியில் அமிழ்த்துங்கள். ஒவ்வொன்றையும் ஒரே அளவு நீர்த்து, 1 மில்லியைப் புது ஸ்டார்ச்சில் விட்டுக் கடிகாரத்தை ஓட விடுங்கள். நிமிடத்துக்கு ஒரு துளி எடுத்து, வெள்ளைப் பீங்கான் தட்டில் ஆறவிட்டு அயோடின் சொட்டுங்கள். சூடாக இருந்தால் நீலமே தெரியாது, ஏமாந்துபோவீர்கள். கருநீலம் ஊதாவாகி, செம்பழுப்பாகி, கடைசியில் அயோடினின் மஞ்சள் மட்டும் நிற்கும். அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் சாம்பிள் 5 நிமிடம் எடுத்து, 20-ஆம் நிமிடச் சாம்பிள் 10 நிமிடம் எடுத்தால் பாதி நொதி போய்விட்டது, அரை ஆயுள் 20 நிமிடம்.

இதை இன்றைய தண்ணீரில் ஒருமுறை, கால்சியம் சேர்த்து ஒருமுறை செய்யுங்கள். இரண்டிலும் 20 நிமிடமே வந்தால் சாஃப்டனர் குற்றவாளி இல்லை. 90-இல் ஓடாத சரக்கை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். அந்த டிரம்மின் சாம்பிள் 50 மில்லியைக் குளிர்பெட்டியில் 4 டிகிரியில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், உறையவிட வேண்டாம். பேச்சுவார்த்தையின்போது தேவைப்படும்.