வாசகர் கேள்வி–பதில்: துனுனாக் பங்கின் (ஊர்க் கத்தோலிக்கச் சமூகத்தின்) வரலாறு

கேள்வி: அலாஸ்காவின் நெல்சன் தீவில் உள்ள துனுனாக் என்ற யூப்பிக் பூர்வகுடிக் கிராமத்தில் கத்தோலிக்க மறைப்பணி தொடங்கியது 1889 என்கிறார்கள் சிலர், 1934 என்கிறார்கள் சிலர். எது சரி?

பதில்: இரண்டும் சரி. சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையினர் 1889-ல் அங்கே சிற்றாலயமும் பள்ளியும் திறந்து, 1892-ல் மூடினார்கள். அன்றைய யூப்பிக் குடும்பங்கள் ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் தங்குவதில்லை. குளிர்காலத்தில் ஊர், வசந்தத்தில் சீல் வேட்டை முகாம், கோடையில் மீன்பிடி முகாம் என்று இடம் மாறுவார்கள். ஊர் காலியானால் பூசைக்கும் ஆளில்லை, பள்ளிக்கும் பிள்ளையில்லை. 1925-ல் அரசுப் பள்ளி வந்தது. 1934-ல் அருட்தந்தை டெஷூட் மறைப்பணியை மீண்டும் தொடங்கி, 1962 வரை தீவிலேயே இருந்தார். தொடர்ச்சியான பங்கு வாழ்க்கையை 1934-லிருந்து கணக்கிடுவதே பொருத்தம்.

கேள்வி: இப்படிப்பட்ட பங்குகளின் பழைய திருமுழுக்கு (ஞானஸ்நான) பதிவேடுகளை வைத்துக் குடும்ப வரலாறு எழுதலாமா?

பதில்: தாராளமாக எழுதலாம், ஆனால் பெயரை மட்டும் நம்பக் கூடாது. அண்மையில் இறந்தவரின் பெயரைப் பிறக்கும் குழந்தைக்கு வைப்பது யூப்பிக் மரபு. ஆண் பெயர், பெண் பெயர் என்ற பிரிவும் கிடையாது. அதனால் ஒரே பெயர் பல குழந்தைகளுக்கு இருக்கும், அடுத்த தலைமுறையிலும் வரும். குடும்பப் பெயர் என்ற வழக்கம் பின்னால் வந்தது. போதாக்குறைக்கு, குருக்கள் அவரவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். ஆகவே முதலில் பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர், தேதி மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். பிறகு திருமணப் பதிவேட்டோடும் இறப்புப் பதிவேட்டோடும் ஒப்பிடுங்கள். இவ்வளவும் பொருந்தினால்தான் இரண்டு பதிவுகளில் இருப்பவரும் ஒருவரே என்று எழுதலாம். முடிந்தால் ஊர்ப் பெரியவர்களிடம் படித்துக் காட்டுங்கள். யார் பெயர் யாருக்கு வந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் மீதான பாலியல் கொடுமை வழக்குகளால் துனுனாக் அடங்கிய ஃபேர்பேங்க்ஸ் மறைமாவட்டம் (ஓர் ஆயரின் ஆளுகைப் பகுதி) 2008-ல் திவால் மனு கொடுத்தது. பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பலர் பூர்வகுடி மக்கள். இதை விட்டுவிட்டு இப்பகுதியின் எந்தப் பங்கு வரலாற்றையும் எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

கேள்வி: குரு வராத ஞாயிறுகளில் என்ன செய்வார்கள்?

பதில்: 1962-ல் உருவான ஃபேர்பேங்க்ஸ் மறைமாவட்டத்தின் பரப்பு 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். பெரும்பாலான பங்குகளுக்குச் சாலை கிடையாது. குரு சிறு விமானத்தில் வர வேண்டும், மூடுபனி இறங்கினால் அதுவும் இல்லை. அதனால் 1970-களிலிருந்து யூப்பிக் ஆண்களே, மணமானவர்கள் உட்பட, நிரந்தரத் திருத்தொண்டர்களாக (குருவுக்கு அடுத்த நிலைப் பணியாளர்களாக) திருப்பொழிவு பெற்றார்கள். திருத்தொண்டர் இறைவாக்கு வழிபாடு, அதாவது பூசை இல்லாத விவிலிய வாசக வழிபாடு நடத்தி, ஆலயப் பேழையில் இருக்கும் நற்கருணையை (பூசையில் அர்ச்சித்த அப்பத்தை) வழங்குவார். திருமுழுக்கும் திருமணமும் அடக்கமும் அவரே நடத்தலாம். திருப்பலி (பூசை), ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்), நோயில்பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசும் அருட்சாதனம்) மூன்றுக்கும் குருதான் வேண்டும். பேழையில் நற்கருணை தீர்ந்துவிட்டால் அடுத்த திருப்பலி வரை இறைவாக்கு வழிபாடு மட்டும்தான்.