கறிக்கு ஆகாத மீன் கருவாட்டுக்கும் ஆகாது

கேள்வி: நான் கடற்கரை ஊரைச் சேர்ந்தவன். நகரத்து வேலையை விட்டுவிட்டு, சொந்த ஊரில் குடும்பத்தோடு சேர்ந்து மீன் அல்லது கருவாடு வியாபாரம் தொடங்கலாமா? எவ்வளவு முதல் வேண்டும், எப்படி விற்பது? நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்:

தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கருவாடு போடுகிறோம். ஆச்சி பனையோலைப் பெட்டியில் வைத்துத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் ஊர் ஊராக விற்றவர். அம்மா அதை மொத்த வியாபாரமாக வளர்த்தார். நான் சென்னையில் ஏழு ஆண்டுகள் கணக்கு எழுதும் வேலையில் இருந்துவிட்டு 2016இல் ஊர் திரும்பினேன். இப்போது அம்மா, தம்பி, நான் மூவரும் பார்க்கிறோம். ஆகவே, தொடங்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் நீங்கள் விற்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்தத் தொழிலில் விற்பது அவ்வளவு பெரிய பாடு இல்லை. வாங்குவதுதான் பாடு.

பலரும் நினைப்பது இதுதான்: மீன் விற்றது போக மிச்சம் கிடப்பதை உப்புப் போட்டுக் காயவைத்தால் கருவாடு. அப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அம்மா அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "கறிக்கு ஆகாத மீன் கருவாட்டுக்கும் ஆகாது" என்பார். ஏலத்தில் கூறு போட்டிருக்கும் மீனை அவர் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். முதலில் கண்ணைப் பார்ப்பார். பிதுங்கித் தெளிவாக இருக்க வேண்டும். பிறகு செவுளைத் தூக்கிப் பார்ப்பார். கடைசியில் கட்டைவிரலால் வயிற்றை அழுத்துவார். அழுத்திய குழி உடனே எழுந்தால் ஏலம் கேட்பார். எழவில்லை என்றால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் அடுத்த கூறுக்கு நகர்ந்துவிடுவார். எனக்கு அந்த விரல் பழகவே இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

அந்தப் பேச்சை ஒருமுறை நான் கேட்கவில்லை. 2018ஆம் ஆண்டு புரட்டாசி மாதம். புரட்டாசியில் பல வீடுகளில் மீன் வாங்கமாட்டார்கள், விலை இறங்கும். கருவாடு போடுகிறவர்களுக்கு அது வாங்கும் காலம். அன்று சாளை (மத்தி மீன்) ஏராளமாக இறங்கியிருந்தது, கிலோ கேட்ட விலைக்குக் கிடைத்தது. ஐஸ் பற்றாக்குறை. பெட்டிகள் மதியம் வரை அப்படியே கிடந்தன. அம்மா வேண்டாம் என்றார். நான் விலையை மட்டும் பார்த்து வாங்கிவிட்டேன். மூன்று வாரம் கழித்து விருதுநகர்ப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் 140 கிலோவையும் திருப்பி அனுப்பினார். பெட்டியைத் திறந்தால் மீனின் விலாப்பக்கம் முழுக்க மஞ்சள் பாரித்து, பழைய எண்ணெய்க் காறல் அடித்தது. அவர் திட்டவில்லை. "உங்கள் அம்மா அனுப்புகிற சரக்கு இது இல்லையே" என்றார். அந்தப் பேச்சு இன்னும் காதில் நிற்கிறது.

பிறகு தேடிப் படித்தபோதுதான், அந்த மஞ்சளையும் காறலையும் விடப் பெரிய ஆபத்து ஒன்று இருப்பது தெரிந்தது. சாளை, அயிலை, சூரை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெப்பத்தில் கிடந்தால், நுண்ணுயிர்களால் உடலில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகிறது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தடிப்பு, தலைவலி, வாந்தி வரலாம். முக்கியமான செய்தி என்னவென்றால், ஒருமுறை உருவாகிவிட்டால் உப்பாலும் போகாது, வெயிலாலும் போகாது, குழம்பில் கொதித்தாலும் போகாது. நாற்றத்தை உப்பு மறைக்கும், அவ்வளவுதான். ஆச்சியும் அம்மாவும் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் எந்த மீனை உப்புத் தொட்டிக்குள் விடக்கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் ஊரிலேயே இருந்து இதை ஏன் நடத்த வேண்டும் என்பதற்குக் காரணமும் இதுதான். மீன் கரைக்கு வரும் நேரத்தில் நாம் அங்கே நிற்க வேண்டும். தூத்துக்குடி விசைப்படகுகள் காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்பது நடைமுறை. ஆகவே அங்கே ஏலம் இரவில். எங்கள் ஊரின் திரேஸ்புரம் கரையில் நாட்டுப்படகுகள். ஞாயிற்றுக்கிழமை பலர் கடலுக்குப் போவதில்லை என்பதால் சனிக்கிழமை கரையில் கூட்டம் நெரியும், விலையும் ஏறும். எந்தப் படகுக்காரர் ஐஸ் நிறையப் போடுவார், யார் வலையை ஊறவிட்டுத் தாமதமாக எடுப்பார் என்பதெல்லாம் கரையில் நின்று நின்றுதான் தெரியும். தொலைபேசியில் ஏலம் எடுக்கிறவர்கள் உண்டு. என்னால் ஆகாது.

போடும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சீலா, பாறை, கட்டா போன்ற பெரிய மீன்களை முதுகுப் பக்கம் கீறி விரித்து, குடலையும் முள்ளோடு ஒட்டிய இரத்தத்தையும் சுத்தமாக எடுக்க வேண்டும். சதை தடித்த இடத்தில் குறுக்கே கீற்றுகள் போட்டு, கீற்றுக்குள் விரல் விட்டு உப்பை ஏற்ற வேண்டும். நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு கல்லுப்பு எங்கள் கணக்கு. தொட்டியில் அடுக்கி மேலே பாரம் வைத்தால் மீன் விட்ட நீரிலேயே மூழ்கி ஊறும். ஒன்று அல்லது இரண்டு நாள் கழித்து எடுத்துக் கழுவிக் காயவைப்போம். நெத்திலிக்கு உப்பே தேவையில்லை. நல்ல வெயிலில் ஒரே நாளில் காய்ந்துவிடும். நான்கு கிலோ பச்சை நெத்திலி காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. விலையைக் கணக்கிடும்போது புதியவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். உப்பளம் பக்கத்திலேயே இருக்கும் ஊர் என்பதால் எந்த உப்பும் ஆகும் என்று நினைத்தேன். பாத்தியில் வாரிய உடனே வாங்கிய உப்பில் மெக்னீசியம் மிகுதியாக நிற்கும். அதனால் கருவாடு கசக்கும், காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். அம்பாரத்தில் பல மாதம் கிடந்து கசப்பு நீர் வடிந்த உப்புதான் வேண்டும். எங்களுக்கு உப்புத் தருகிறவர் அம்பாரத்தின் அடியில் கையை விட்டு எடுத்துக் காட்டுவார். உள்ளங்கையில் வைத்து மூடித் திறந்தால் ஒட்டக்கூடாது.

மணலில் காயவைப்பதை நாங்கள் விட்டுவிட்டோம். இடுப்பளவு உயரத்தில் சட்டம் அடித்து வலையை இழுத்துக் கட்டி அதன்மேல் பரப்புகிறோம். கீழேயும் காற்று போகும், மணல் ஒட்டாது, நாய் வாய் வைக்காது. வெயில் தாழ்ந்ததும் எல்லாவற்றையும் அள்ளி உள்ளே வைத்துவிடுவோம். பனி இறங்கினால் மறுநாள் பூஞ்சணம். ஈ மொய்க்கிறது, வண்டு விழுகிறது என்று பூச்சிமருந்து தெளிக்கச் சொல்லிச் சிலர் வருவார்கள். அது அடுத்த வீட்டுப் பிள்ளையின் சோற்றில் விஷத்தைத் தெளிப்பது. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இப்போது பணத்தைப் பற்றி. ஆண்டில் வெயிலும் மீனும் சேர்ந்து கிடைக்கும் மாதங்கள் குறைவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு ஓடாது. நல்ல அக்கினி வெயிலில் எங்கள் வலைச்சட்டங்களில் பாதி காலியாகக் கிடக்கும். நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் கறிமீன் வியாபாரிகளோடு போட்டி போட்டு வாங்கிக் கட்டுப்படியாகாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆக, ஓடுகிற மாதங்களின் வருமானத்தில் ஓடாத மாதங்களின் கூலி, வாடகை, வட்டி மூன்றையும் ஒதுக்கி வைக்க வேண்டும். குடும்ப வியாபாரத்தில் இதுதான் உடைகிறது. வீட்டுப் பணமும் தொழில் பணமும் ஒரே பெட்டியில் கிடக்கும். கல்யாணம், காதுகுத்து என்று எடுத்துவிடுவோம். எங்கள் வீட்டிலும் தடைக்காலத்துக்கு ஒதுக்கிய பணம் ஒருமுறை கல்யாணச் செலவுக்குப் போய், நகையை அடகு வைத்துக் கூலி கொடுத்தோம். அதன்பிறகு தனிக் கணக்கு. அம்மாவுக்கும் மாதச் சம்பளம் எழுதுகிறேன். முதல் மாதம் அவர் வாங்க மறுத்தார். முப்பது ஆண்டு உழைப்புக்கு ஒரு காகிதத்தில்கூடக் கணக்கு இல்லை என்பது எனக்குத்தான் பொறுக்கவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடித் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. மழைக்கால விற்பனைக்கென்று வைத்திருந்த ஏறக்குறைய 600 கிலோ கருவாடு கிட்டங்கியில் (சரக்கு வைக்கும் அறையில்) ஊறிப்போனது. தண்ணீர் வடிந்ததும் அதைத் திரும்பக் காயவைத்து மலிவாகத் தள்ளலாம் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. அம்மா பள்ளம் தோண்டச் சொல்லி, உப்புப் போட்டுப் புதைத்தார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. இப்போது கிட்டங்கி மாடியில் இருக்கிறது.

விற்பனை: எங்கள் பழைய வாடிக்கை கோவில்பட்டி, சிவகாசி, அருப்புக்கோட்டைப் பக்கத்து மளிகைக் கடைகள். கரிசல்காட்டில் கம்மங்கூழுக்கும் பழைய சோற்றுக்கும் கருவாடு வேண்டும். வெளியூருக்கு அனுப்பத் தொடங்கியபோது பெயரால் ஒரு குழப்பம் வந்தது. எங்கள் ஊரில் சீலா என்றால் சென்னையின் வஞ்சிரம். சென்னையில் அதே பெயரைச் சொன்னால் நாங்கள் ஊளி என்று சொல்லும் மீனை நினைத்துக்கொள்கிறார்கள். விலை ஏன் இவ்வளவு என்று சண்டைக்கு வந்தார்கள். இப்போது உறையில் இரண்டு பெயரையும் அச்சிடுகிறோம். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், காயவைத்த தேதி, பொட்டலம் போட்ட தேதி ஆகியவையும் இருக்கும். காயவைத்த தேதியைப் பார்த்து வாங்கும் வாடிக்கையாளர்கள் நிலையாக நிற்கிறார்கள்.

முதல் எவ்வளவு என்று கேட்டீர்கள். கடன் வாங்கிக் கிட்டங்கி கட்டாதீர்கள். தை பிறந்ததும் வானம் வெளுக்கும். பத்துக் கிலோ நெத்திலி வாங்குங்கள். கழுவுவது, பரப்புவது, மதியம் புரட்டுவது, குப்பை பொறுக்குவது எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள். மாலையில் ஒரு நெத்திலியை எடுத்து ஒடித்துப் பாருங்கள். வளையாமல் முறிந்தால் காய்ந்துவிட்டது. அதை முதலில் உங்கள் வீட்டில் வறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அவர்கள் மறுபடி கேட்டால் இருபது கிலோ வாங்குங்கள்.