நீராவி வடித்தலில் (தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்கவைத்து எண்ணெயை ஆவியாகப் பிரிப்பதில்) எண்ணெய் குறையக் குறைய வெப்பநிலையும் ஆவியின் கலவையும் மாறுமா? எப்படிக் கணக்கிடுவது?

மாறாது. கலத்தில் தண்ணீரும் சுத்தமான எண்ணெயும் தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் அப்படியே நிற்கும்.

சிங்கப்பூரில் பாலிடெக்னிக் படித்தபோது நானும் இங்கேதான் சறுக்கினேன். கலத்தில் எத்தனை மோல் தண்ணீர், எத்தனை மோல் எண்ணெய் என்று எண்ணி ரவுல்ட் விதியில் போட்டுவிட்டேன். ஒன்றில் ஒன்று கரைந்த கலவையில் ஒவ்வொரு பொருளின் ஆவியழுத்தமும் அதன் மோல் பின்னத்துக்கு (மொத்த மோல்களில் அதன் பங்குக்கு) ஏற்பக் குறையும் என்பதுதான் அந்த விதி. விரிவுரையாளர் தாளைப் பார்த்துவிட்டு, "தண்ணிக்கும் எண்ணெய்க்கும் பேச்சுவார்த்தையே கிடையாது, நீ ஏன்பா சேர்த்து வைக்கிற?" என்றார்.

அதுதான் விஷயம். ஒன்றில் ஒன்று கரையாததால் ஒவ்வொன்றும் தன் முழு ஆவியழுத்தத்தைத் தரும். இரண்டின் கூட்டுத்தொகை காற்றழுத்தமான 760 மி.மீ. பாதரசத்தைத் தொட்டதும் கொதிக்கும். எது எவ்வளவு கிடக்கிறது என்பது கணக்கிலேயே வராது.

சீனப் புத்தாண்டு முடிந்தால் வீட்டில் ஆரஞ்சுத் தோல் குவியுமே, அதன் எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன். தனியாகக் கொதிக்க அதற்கு சுமார் 176 டிகிரி வேண்டும். தண்ணீரோடு சேர்த்துப் பாருங்கள். 97 டிகிரியில் ஆவியழுத்தம் தண்ணீருக்கு 682, லிமோனீனுக்குச் சுமார் 65. கூட்டினால் 747, போதாது. 98-இல் 707, 68; கூட்டினால் 775, தாண்டிவிட்டது. ஆக 97.5. அங்கே தண்ணீர் 694, லிமோனீன் 66. ஆவியில் எண்ணெயின் மோல் பின்னம் 66/760, அதாவது 8.7 சதவீதம். எடையில் பார்த்தால் (66×136)/(694×18), சுமார் 0.72. லிமோனீனின் மூலக்கூறு எடை 136 என்பதால், வடிந்து வருவதில் எடைக்கு 42 சதவீதம் எண்ணெய்!

எண்ணெயில் ஆவியாகாத மெழுகு கிழுகு கரைந்திருந்தால்தான் கதை மாறும். அப்போது ரவுல்ட் விதியை எண்ணெய்ப் பக்கத்துக்கு மட்டும் போடுங்கள்: லிமோனீனின் ஆவியழுத்தத்தை எண்ணெய்க்குள் அதன் மோல் பின்னத்தால் பெருக்குங்கள். பின்னம் பாதியாகும்போது கொதிநிலை சுமார் 98.7, ஆவியில் எண்ணெய் 4.6 மோல் சதவீதம். வடிக்க வடிக்கப் பின்னம் இறங்கும், வெப்பநிலை ஏறும். எக்செல்லில் பின்னத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் புதிதாக வெப்பநிலை தேட வேண்டும்.

தோலையே போட்டு வடித்தால் இந்த 42-ஐ எதிர்பார்க்காதீர்கள். எண்ணெய் தோலின் பைகளுக்குள் அடைந்து கிடப்பதால் நீராவி எண்ணெய் ஆவியால் நிறைவடையாமலே மேலே போய்விடும். நான் வீட்டில் செய்தபோது கிளாஸில் மெல்லிய படலம்தான் மிதந்தது. வாசம் மட்டும் பக்கத்து வீடு வரை போனது.

தோல் இல்லாமல் எண்ணெயை மட்டும் தண்ணீரோடு வடிக்கும்போது வெப்பமானி 100-ஐத் தொட்டு நின்றால் எண்ணெய் தீர்ந்துவிட்டது, அடுப்பை அணைத்துவிடலாம்.